ஸ்லைஸ் ஆஃப் லைஃப்னா 6, த்ரில்லர்னா 8: என் ரேட்டிங்ல அனிமே எவ்வளவு, ரசனை எவ்வளவு?

மழைநாள்_எபிசோட் (கேள்வி)

மைஅனிமேலிஸ்ட்ல (பார்த்த அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்களைப் பட்டியல் போட்டு 10-க்கு ஸ்கோர் கொடுக்கிற தளம்) நான் முடிச்சதாப் போட்ட தலைப்புகள் 212. எல்லாத்துக்கும் ஸ்கோர் இருக்கு, மொத்தச் சராசரி 6.9. வகைவாரியாப் பிரிச்சா த்ரில்லர் 46 தலைப்பு, சராசரி 7.4. ஸ்லைஸ் ஆஃப் லைஃப் (பெரிய சம்பவம் இல்லாம அன்றாட வாழ்க்கையைக் காட்டுற வகை) 33 தலைப்பு, சராசரி 5.9. ரொமான்ஸ் 7 தலைப்பு, சராசரி 8.0.

ரெண்டு விஷயம் இடிக்குது. ரொமான்ஸ் எனக்கு அவ்வளவா ஒட்டாத வகை, ஆனா அதுதான் முதலிடத்துல நிக்குது. இன்னொண்ணு, ஸ்லைஸ் ஆஃப் லைஃப்ல நல்லா எடுத்திருக்காங்கன்னு தெரிஞ்சே 6 போடுறேன். கடைசி மூணு எபிசோட்ல சொதப்பின த்ரில்லருக்கு யோசிக்காம 8 போயிடுது.

வகைக்கு ஏத்தபடி ஸ்கோரைக் கூட்டிக் குறைக்கிறது முறையா? இல்ல, ரேட்டிங்னாலே ரசனைதான்னு விட்டுடணுமா? லிஸ்டைப் பார்த்துப் பரிந்துரை கேக்குறவங்களுக்கு இது தப்பான வழி காட்டுதுன்னு தோணுது, அதான் கேக்குறேன்.

எக்செல்காரன்

ஸ்கோரைத் தொடாதீங்க. முதல்ல அந்த மூணு சராசரியும் ஒரே மாதிரி எண்கள் இல்லைங்கறதைப் பாருங்க.

ரசனை ஸ்கோர் போடுற நேரத்துல வேலை செய்யுறதை விட, எதைப் பார்க்கணும்னு தேர்ந்தெடுக்கிற நேரத்துலதான் அதிகமா வேலை செய்யுது. பிடிச்ச வகைன்னா சீசன்ல வர்றதை எல்லாம் எடுத்துப் பார்ப்போம்; நல்லது, சுமார், குப்பை எல்லாம் உள்ளே வந்துடும். பிடிக்காத வகைன்னா நாலு பேர் அடிச்சுச் சொன்ன ஏழு தலைப்பை மட்டும்தான் தொடுவோம். உங்க ரொமான்ஸ் 8.0 அந்தக் கணக்கு. அது உங்க ரசனையைச் சொல்லல, உங்களுக்குப் பரிந்துரை செஞ்சவங்க எவ்வளவு நல்லா வடிகட்டினாங்கன்னு சொல்லுது.

ஏழு தலைப்புச் சராசரியை 46 தலைப்புச் சராசரி பக்கத்துல அப்படியே வைக்கக் கூடாது. எண்ணிக்கை குறைவான வகையை மொத்தச் சராசரி பக்கம் கொஞ்சம் இழுத்து வையுங்க. வகையோட எண்ணிக்கையை அதோட சராசரியால பெருக்கி, அதோட 10 தடவை மொத்தச் சராசரியைக் கூட்டி, எண்ணிக்கை கூட்டல் 10-ஆல வகுக்கணும்.

ரொமான்ஸ்: 7 × 8.0 + 10 × 6.9 = 125. அதை 17-ஆல வகுத்தா 7.35.
த்ரில்லர்: 46 × 7.4 + 69 = 409.4. அதை 56-ஆல வகுத்தா 7.31.
ஸ்லைஸ் ஆஃப் லைஃப்: 33 × 5.9 + 69 = 263.7. அதை 43-ஆல வகுத்தா 6.13.

ரொமான்ஸும் த்ரில்லரும் ஒண்ணாயிடுச்சு. ஸ்லைஸ் ஆஃப் லைஃப் மட்டும் கீழேயே நிக்குது, அப்போ அந்த வித்தியாசம் நிஜம். 10-ங்கறது என் தேர்வு. 5 வெச்சாலும் 15 வெச்சாலும் இந்த முடிவு மாறாது. மைஅனிமேலிஸ்ட்டோட தரவரிசை ஸ்கோரும் இதே தத்துவம்தான்: குறைவான பேர் ஓட்டுப் போட்ட தலைப்பைத் தளத்தோட பொதுச் சராசரி பக்கம் இழுப்பாங்க.

இப்போ டிராப். பாதியில விட்ட தலைப்புக்கு ஸ்கோர் போடாம விட்டிருந்தா, உங்க வெறுப்புல பெரும்பகுதி இந்தக் கணக்குல சேரவே இல்லைன்னு அர்த்தம். வகைக்கு எத்தனை டிராப்னு எண்ணிச் சொல்லுங்க. சராசரியை விட அந்த விகிதம் ரசனையை நேராக் காட்டும்.

கணக்குப் போடுறப்போ வழக்கமா வர்ற மூணு தப்பையும் சொல்லிடறேன். மைஅனிமேலிஸ்ட் ஏற்றுமதிக் கோப்புல ஸ்கோர் போடாத தலைப்புக்கு 0-ன்னு இருக்கும். அதை நீக்காமச் சராசரி எடுத்தா எல்லாமே சரிஞ்சுடும். அந்தக் கோப்புல வகை விவரம் கிடையாது, தலைப்பு எண்ணை வெச்சுத் தனியா இணைக்கணும். அனிலிஸ்ட்ல (இதே மாதிரி இன்னொரு பட்டியல் தளம்) கணக்கு இருந்தா லிஸ்டை அங்கே இறக்குமதி பண்ணிடுங்க. புள்ளிவிவரப் பக்கத்துல வகைவாரியா எண்ணிக்கையும் சராசரியும் தானா வந்துடும். மூணாவது, ஒரு தலைப்புக்கு மூணு வகை முத்திரை இருந்தா மூணு இடத்துலயும் அது எண்ணப்படும். வகை எண்ணிக்கையை எல்லாம் கூட்டினா 212-ஐத் தாண்டும். அது பிழை இல்ல.

மழைநாள்_எபிசோட்

டிராப் எண்ணிட்டேன், எதுக்குமே ஸ்கோர் போடல. ரொமான்ஸ் 9, த்ரில்லர் 4, ஸ்லைஸ் ஆஃப் லைஃப் 3.

எக்செல்காரன்

பார்த்தீங்களா? ரொமான்ஸ்ல ஆரம்பிச்சது 16, விட்டது 9. பாதிக்கு மேல. 8.0-க்குப் பின்னாடி இருந்தது அதுதான்.

ஆனா ஸ்லைஸ் ஆஃப் லைஃப்ல 36-ல மூணுதான் விட்டிருக்கீங்க, த்ரில்லர்ல 50-ல நாலு. ரெண்டும் 8 சதவீதம். பிடிக்காமலே முடிக்கிறீங்க. 12 எபிசோட், முந்தின வாரம் என்ன நடந்ததுன்னு நினைவு வெச்சுக்க வேண்டியதில்ல, அதனால கையை விட்டுப் போறதில்ல. அந்த 33 தலைப்புக்கும் எந்தெந்த ஸ்கோர் எத்தனை தடவைன்னு போடுங்க.

மழைநாள்_எபிசோட்

8 ஒண்ணு, 7 அஞ்சு, 6 பதினேழு, 5 ஒன்பது, 4 ஒண்ணு.

பின்னணி_ஓவியம்

33-ல் 26 தலைப்புகள் 5 அல்லது 6. சராசரி தாழ்ந்திருப்பதை விட இதுதான் எனக்குக் கவலை தருகிறது. அந்த வகைக்குள் எது சிறந்தது, எது சுமார் என்று உங்கள் அளவுகோல் பிரித்துப் பார்க்கவே இல்லை. எல்லா ஸ்கோரிலும் ஒன்றைக் கூட்டினாலும் 6, 7 என்று மாறுமே தவிர, பரிந்துரை கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது.

காரணம், ஒரு வகையின் கேள்வியை இன்னொரு வகையிடம் கேட்பது. த்ரில்லர் பார்க்கும் கண் 'அடுத்து என்ன' என்று கேட்கும். அந்தக் கேள்வியை எழுப்பவே முயலாத படைப்பில் பதில் எப்போதும் 'ஒன்றுமில்லை' என்றுதான் வரும், உடனே 6 விழும்.

யூரு கேம்ப் முதல் சீசனின் (2018, 12 எபிசோட்) முதல் எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டோசு ஏரிக்கரையில் ரின் தனியாக முகாமிடுகிறாள். விறகு சேர்க்கிறாள், நெருப்பு மூட்டுகிறாள். காய்ந்த பைன் காய் ஒன்று 'கொன்னிச்சிவா' என்கிறது; அது ஏன் நன்றாகத் தீப்பற்றும் என்று பின்னணிக் குரல் விளக்குகிறது. த்ரில்லர் கண்ணுக்கு இங்கே எதுவும் நடக்கவில்லை. ஆனால் கவனித்தால், குளிர் முதலில் வருகிறது, நெருப்பு பிறகு வருகிறது; அந்த இடைவெளியைப் போதுமான அளவு நீட்டியிருப்பதால்தான் நெருப்பு மூண்டதும் பார்ப்பவருக்கும் கதகதப்பாக இருக்கிறது. தனியாக இருக்க விரும்பும் பெண் என்று எவரும் வாய்விட்டுச் சொல்வதற்கு முன்பே அவள் கை வேலை செய்யும் நிதானம் அதைச் சொல்லிவிடுகிறது. இந்த வகையின் கைவினை அங்கேதான் இருக்கிறது: நேரத்தை எவ்வளவு நீட்டுவது, எந்த ஒலியை விட்டுவைப்பது, முகத்தை விட்டுக் கைகளை எப்போது காட்டுவது.

இந்த வகை கெட்டுப்போகும் விதமும் தனி. ஒரு பாத்திரத்துக்கு ஒரே ஒரு குணம், அதை வைத்து 12 வாரமும் அதே நகைச்சுவை. அறைக்குள் நான்கு பேர் அசையாமல் பேசிக்கொண்டே இருப்பது. படத்தை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்டாலும் எதுவும் குறையாது என்றால் அனிமேஷனுக்கு அங்கே வேலை இல்லை. கடைசி எபிசோடில் மட்டும் திடீரென்று அழவைக்க முயல்வதும் இதில் சேரும், முன்பு அதற்கான விதை எதுவும் போட்டிருக்க மாட்டார்கள். இவற்றைத் தேடிப் பார்த்தால் உங்கள் 26 தலைப்புகளும் 4 முதல் 8 வரை தானாகப் பிரியும்.

த்ரில்லருக்குத் தரும் சலுகையையும் பாருங்கள். ஒவ்வொரு எபிசோடும் தொங்கலில் முடிவதால் அடுத்ததை உடனே போடுகிறோம், ஒரே மூச்சில் முடித்து அந்தச் சூட்டில் ஸ்கோர் போடுகிறோம். முடித்த அன்றே எண்ணைப் போடாமல் 14 நாள் விடுங்கள். பிறகு மூன்று கேள்விகள்: மர்மத்தின் விடை முன்பே காட்டப்பட்ட தகவலிலிருந்து வந்ததா, கடைசியில் புதிதாகக் கொண்டுவரப்பட்டதா? நடுவில் விதிகளை மாற்றினார்களா? வில்லன் எல்லாவற்றையும் முன்கூட்டியே கணித்திருந்தான் என்பதைத் தவிர வேறு விளக்கம் இருக்கிறதா? முதல் கேள்வியிலேயே தோற்கும் தொடருக்கு 8 கிடைத்திருந்தால் அதில் ஒரு புள்ளியாவது தொங்கலுக்குப் போனது.

இன்னொன்று, முத்திரையே எதிர்பார்ப்பை உண்டாக்கிவிடும். மடோகா மேஜிகா (2011) மாய மகளிர் வகை (மாய சக்தி பெறும் சிறுமிகளின் கதை) என்ற முத்திரையோடு வந்த 12 எபிசோட் தொடர். மூன்றாவது எபிசோடுக்குப் பிறகு அது வேறு முகம் காட்டுகிறது. மாய மகளிர் வகை பிடிக்காது என்று இரண்டாவதில் விட்டவரும், அதே வகைக்காக வந்து மூன்றாவதில் அதிர்ந்தவரும் தருகிற ஸ்கோர் இரண்டுமே முத்திரைக்குப் போடப்பட்டவை.

மெக்கா_மனசு

மேல சொன்னதுல எனக்கு ஒரு இடத்துல உடன்பாடு இல்ல. வகைக்கு வகை வேற அளவுகோல் வெச்சா, எல்லா வகையிலும் சிறந்தது 9 ஆயிடும். அப்புறம் ஸ்லைஸ் ஆஃப் லைஃப் 9-ம் த்ரில்லர் 9-ம் உங்களுக்கு ஒரே சந்தோஷத்தைத் தந்துச்சான்னு கேட்டா, இல்லைன்னுதான் சொல்வீங்க. அப்போ அந்த எண் பொய் சொல்லுது. மைஅனிமேலிஸ்ட் தளத்துலயே 5-க்கு 'சராசரி', 6-க்கு 'பரவாயில்லை', 7-க்கு 'நன்று'ன்னுதான் அர்த்தம் கொடுத்திருக்காங்க. 6 போட்டா அது வசவு இல்ல.

ரெண்டு எண் வெச்சுக்கலாம். அனிலிஸ்ட் அமைப்புகள்ல விரிவான மதிப்பீடுன்னு ஒண்ணு இருக்கு. 100 புள்ளி முறையோ, தசமத்தோட 10 புள்ளி முறையோ தேர்ந்தெடுத்தாத்தான் அது வேலை செய்யும். நட்சத்திரத்துலயும் சிரிப்பு முகத்துலயும் வராது. இயல்பா கதை, பாத்திரங்கள், காட்சி, ஒலி, ரசிப்புன்னு அஞ்சு பிரிவு இருக்கும், பேரை நாமளே மாத்திக்கலாம். நான் சொல்றது, அஞ்சையும் எடுத்துட்டு 'கைவினை', 'ரசிப்பு'ன்னு ரெண்டே பிரிவு வையுங்க. யூரு கேம்ப்புக்குக் கைவினை 8.5, ரசிப்பு 6-ன்னு போட்டா பார்க்குறவங்களுக்கு எல்லாம் புரிஞ்சுடும்.

அஞ்சு பிரிவை அப்படியே வெச்சுச் சராசரி எடுக்கிறதுல ஒரு சிக்கல் இருக்கு. ஒலிக்கும் கதைக்கும் ஒரே எடை. இசைக்குழு அனிமேல ஒலி அஞ்சுல ஒரு பங்குதான்னா அநியாயம். துப்பறியும் தொடர்ல பின்னணி இசை நல்லா இருக்குன்னு ஓட்டையான கதை அரைப் புள்ளி மேல போறதும் அநியாயம்.

பொதுத் தரவரிசையை ஒப்பிட்டு உங்க ஸ்கோரைத் திருத்தவும் வேண்டாம். அங்கேயும் இதே சல்லடைதான். லெஜெண்ட் ஆஃப் தி கேலக்டிக் ஹீரோஸ் ஓவிஏ (டிவிக்குன்னு இல்லாம நேரா வீடியோவா வெளியான தொடர்) 1988-லிருந்து 1997 வரை வந்த 110 எபிசோட். விண்வெளி அரசியல் பிடிக்காதவங்க அதைத் தொடவே மாட்டாங்க. மைஅனிமேலிஸ்ட்ல ஸ்கோர் கணக்குல சேரணும்னாலே அஞ்சுல ஒரு பங்கு பார்த்திருக்கணும். 12 எபிசோட் தொடருக்கு மூணு, இதுக்கு 22. ரெண்டாம், மூணாம் சீசன்கள் முதல் சீசனை விட மேல நிக்கிறதுக்கும் இது ஒரு பெரிய காரணம்: பிடிக்காதவங்க முதல்லயே இறங்கிட்டாங்க. ஒரு தொடர்ச்சி சீசன் 8.8-ன்னு இருந்தா, 'ஏற்கனவே பிடிச்சவங்களுக்கு இது 8.8'-ன்னு படிக்கணும்.

பின்னணி_ஓவியம்

கைவினைக்கும் ரசிப்புக்கும் தனி எண் என்பதை ஏற்கிறேன், என் யோசனையை விட அது தெளிவு. ஒரு எச்சரிக்கை மட்டும்: கைவினை எண்ணை முதலில் போடுங்கள். ரசிப்பை முதலில் போட்டால் கைவினை அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும். 20 தலைப்புக்குப் பிறகு பார்த்தால் இரண்டு நெடுவரிசையும் அரைப் புள்ளி வித்தியாசத்தில் ஒன்றாகவே இருக்கும்.

மழைநாள், அந்த ஒரே 8 எது? ஒரே 4 எது? கூடவே உங்கள் லிஸ்டில் மெதுவாகப் போகும் தொடர் ஏதாவது 9 வாங்கியிருக்கிறதா?

மழைநாள்_எபிசோட்

8 முஷிஷி. 4 ஒரு பள்ளி கிளப் அறைத் தொடர், பேர் வேண்டாம். மெதுவான 9-ன்னா ஃப்ரீரென்.

பின்னணி_ஓவியம்

அப்படியென்றால் மெதுவான நடை உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஃப்ரீரென் (2023, முதல் சீசன் 28 எபிசோட்) அரக்க மன்னனை வீழ்த்திய பிறகுதான் தொடங்குகிறது. பெரிய சண்டை முடிந்துவிட்ட உலகில் நடந்து போகிறார்கள். முஷிஷி (2005, 26 எபிசோட்) அதை விட நிதானம்; ஒவ்வொரு எபிசோடும் தனிக் கதை, நாயகன் கிங்கோவைத் தவிர யாரும் தொடர்ந்து வருவதில்லை. தளத்துக்குத் தளம் அதற்கு ஸ்லைஸ் ஆஃப் லைஃப் முத்திரை இருக்கும், இல்லாமலும் போகும்.

ஆனால் இரண்டிலும் ஒரு கேள்வி இருக்கிறது. கிங்கோ ஒரு வீட்டுக்குள் நுழையும்போது அங்கே ஒருவருக்கு விளங்காத ஏதோ ஒன்று நேர்ந்திருக்கும்; அது என்ன, எதனால் என்பது எபிசோட் முடிவுக்குள் தெரியும், தீராமலும் போகலாம். ஃப்ரீரெனில், பத்து ஆண்டு கூடப் பயணம் செய்த மனிதனை நாயகி ஏன் அறிந்துகொள்ளவில்லை என்பது கேள்வி. உங்களை இழுப்பது த்ரில்லர் என்ற வகை இல்லை, கேள்வி. த்ரில்லரில் அது எப்போதும் கிடைப்பதால் த்ரில்லர் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தள முத்திரைகள் இதைக் காட்டாது. ஷோனென் (பதின்வயதுப் பையன்களுக்கு), செய்னென் (வளர்ந்த ஆண்களுக்கு) என்பவை மூல மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) வந்த இதழ் யாருக்கானது என்பதை மட்டும் சொல்கின்றன, கே-ஆன்! மங்கா வெளியான மங்கா டைம் கிராரா செய்னென் இதழ். 'செய்னென் என்றால் கனமான கதை' என்று அதைத் தேடிப் போனால் இசைக்குழுப் பெண்கள் தேநீர் குடிப்பதைப் பார்ப்பீர்கள் (மிக நன்றாகச் செய்யப்பட்ட தொடர், அது வேறு).

ஸ்லைஸ் ஆஃப் லைஃப் 33-க்கும் த்ரில்லர் 46-க்கும் மட்டும் புதிய நெடுவரிசை ஒன்று சேர்த்து, பார்ப்பவரை எது இழுக்கிறது என்று ஒரே சொல்லில் எழுதுங்கள்: கேள்வி, போட்டி, உறவு, இடம், நகைச்சுவை. ஒரு தலைப்புக்கு ஒன்றுதான். இரண்டு தோன்றினால், எதை எடுத்துவிட்டால் தொடரே நிற்காதோ அதை எழுதுங்கள். 212-க்கும் போட வேண்டியதில்லை.

மழைநாள்_எபிசோட்

ஸ்லைஸ் ஆஃப் லைஃப் 33-க்கும் போட்டு முடிச்சுட்டேன். 'கேள்வி' 7 தலைப்பு: ஒரு 8, நாலு 7, ரெண்டு 6. சராசரி 6.9. மீதி 26 தலைப்போட சராசரி 5.6. 6.9-ங்கறது என் மொத்தச் சராசரியேதான். த்ரில்லர்ல பாதி வந்திருக்கேன். 8 கொடுத்ததுல சிலது 'கேள்வி' இல்ல, 'போட்டி'ன்னு வருது. அதெல்லாம்தான் முடிவுல சொதப்பினது.

எக்செல்காரன்

நல்லா வந்திருக்கு, ஆனா 6.9-ஐ இன்னும் நம்பாதீங்க. குறி எழுதுறப்போ ஸ்கோர் நெடுவரிசை பக்கத்துலயே இருந்துச்சா? இருந்திருந்தா 7 போட்ட தலைப்புல கேள்வியைத் தேடிக் கண்டுபிடிச்சிருப்பீங்க, 5 போட்டதுல தேடியே இருக்க மாட்டீங்க.

த்ரில்லர்ல மீதியை ஸ்கோரை மறைச்சுட்டுப் போடுங்க, தலைப்பு வரிசையையும் கலைச்சுடுங்க. ஏற்கனவே குறி போட்ட 33-ல 15-ஐ மட்டும் ஒரு வாரம் கழிச்சு, பழைய குறியையும் மறைச்சு, திரும்பப் போடுங்க. ரெண்டு மூணு மாறினா சரி. அஞ்சுக்கு மேல மாறினா 'கேள்வி'ன்னா என்னங்கறதை ஒரு வரியில எழுதி வெச்சுக்கிட்டு முதல்லேர்ந்து போடணும். 'முதல் எபிசோட்லயே பார்ப்பவருக்குத் தெரியாத ஒண்ணு முன்வைக்கப்படுது, கடைசி வரை அதுதான் கதையை நகர்த்துது'ன்னு வெச்சுக்கிட்டா முஷிஷி வெளியே போயிடும். 'ஒவ்வொரு எபிசோட்லயும்'னு மாத்தினா உள்ளே வரும். அந்த வரியை எப்படி எழுதினீங்கன்னு இங்கேயே போடுங்க, அதை வெச்சு என் லிஸ்ட்லயும் ஓட்டிப் பார்க்கணும்.